விதைப்பையில் கருப்புப் புள்ளிகள்: போட்டோ அனுப்பியும் பார்த்தேன், நேரிலும் போனேன்

இந்த மதிப்புரை இரண்டு சேவைகளைப் பற்றியது. ஒன்று, போட்டோ எடுத்து அனுப்பினால் தோல் மருத்துவர் பதில் எழுதும் ஆன்லைன் ஆலோசனை. இன்னொன்று, நேரில் போய்க் காட்டிய ஒரு தோல் மருத்துவமனை. இரண்டின் பெயரையும் போடவில்லை. குறை சொல்ல வேண்டிய இடங்கள் இருக்கின்றன, அதற்காக யாருடைய பிழைப்பிலும் மண் போட எனக்கு விருப்பமில்லை. தவிர, இதைத் தேடி வருகிறவருக்குப் பெயரைவிட, கதவுக்கு உள்ளே போனால் என்ன நடக்கும் என்பதுதான் தெரிய வேண்டும். முகப்பரு சிகிச்சைக்கும் கழுத்து மருவுக்கும் பக்கம் பக்கமாக மதிப்புரை கிடைக்கிறது. இந்த இடத்துக்கு என் கண்ணில் ஒன்றுகூடப் படவில்லை.

மதிப்பெண்ணை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போட்டோ சேவைக்கு ஐந்துக்கு இரண்டு, நேரில் போனதற்கு நான்கு. இத்தனைக்கும் போட்டோ பார்த்துச் சொன்ன நோயின் பெயர் சரிதான். நேரிலும் அதே பெயரைத்தான் சொன்னார்கள். பெயர் சரியாக இருந்தும் ஏன் இரண்டு என்றால், பெயர் தெரிந்த பிறகும் எனக்குத் தூக்கம் வரவில்லை.

எனக்கு வயது 48. சரக்கு இருப்பைச் சரிபார்க்கும் வேலை. குடோனில் பெட்டிகளை எண்ணி ஏட்டோடு ஒத்துப்பார்த்து, கணக்கு உதைத்தால் மறுபடி முதலிலிருந்து எண்ணுகிற ஆள். அந்தப் பழக்கம் குளியலறைக்குள்ளும் வந்ததுதான் தொல்லை.

புள்ளிகள் விதைப்பையின் முன்பக்கத் தோலிலும் பக்கவாட்டிலும் இருந்தன. குண்டூசித் தலை அளவு, ஒன்றிரண்டு அதைவிடக் கொஞ்சம் பெரிது. சில கருஞ்சிவப்பு, சில ஊதா, சில நல்ல கருப்பு. கருப்பாக இருந்தவற்றை விரலால் தடவினால் மேலே லேசான சொரசொரப்பு. தோலுக்கு அடியில் ஓடும் மெல்லிய நீல நரம்பை ஒட்டி வரிசை கட்டி நின்றன. வலி, அரிப்பு எதுவும் கிடையாது. அந்தத் தோல் இருக்கிறதே, குளிர்ந்த தண்ணீர் பட்டால் சுருங்கும், வெந்நீரில் தளரும். சுருங்கும்போது பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் ஒட்டிக்கொண்டு ஒரே பெரிய கருப்பாகத் தெரியும். தளர்ந்தால் மடிப்புக்குள் ஒளிந்திருந்ததெல்லாம் வெளியே வரும். ஆகக் காலையில் எண்ணியதும் ராத்திரி எண்ணியதும் ஒருநாளும் ஒத்துப்போகாது. கூடிவிட்டது என்று மனசு உடனே தீர்ப்பு எழுதிவிடும்.

பயம் இரண்டு வகை. ஒன்று புற்றுநோய். இன்னொன்று பால்வினை நோய். இரண்டாவது இன்னும் மோசம், ஏனென்றால் தப்பே செய்யாதவனையும் தப்பு செய்தவன் மாதிரி நடக்க வைக்கும். மனைவி பார்த்துவிட்டால் என்ன நினைப்பாளோ என்று விளக்கை அணைக்க ஆரம்பித்தேன். கடைசியில் அவளே, “என்னங்க, கொஞ்ச நாளா பாத்ரூம்ல டார்ச்சை வச்சுக்கிட்டு என்ன பண்றீங்க?” என்று கேட்டாள். சொன்னேன். ஒரு பார்வை பார்த்துவிட்டு, “டாக்டர்கிட்ட காட்டுங்க, எனக்கா வைத்தியம் தெரியும்?” என்றாள். அவ்வளவுதான். நான் மனதுக்குள் எழுதி வைத்திருந்த வசனங்கள் எதற்கும் வேலை இல்லாமல் போனது.

சரி, போட்டோ சேவை. நள்ளிரவில்கூடப் பதிவு செய்யலாம், யார் முகத்தையும் பார்க்க வேண்டாம். கூச்சப்படுகிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆனால் அந்த இடத்தைப் படம் எடுப்பது லேசுப்பட்ட காரியமில்லை. கேமரா முடியைத்தான் துல்லியமாகப் பிடிக்கிறது, தோல் மங்கிவிடுகிறது. ஃபிளாஷ் போட்டால் சுற்றுத்தோல் வெளுத்து, ஊதாப் புள்ளிகூடக் கரி மாதிரி வருகிறது. ஒரு கையால் தோலை இழுத்துப் பிடித்து, மறு கையால் போனைப் பிடித்து, கட்டைவிரலால் பொத்தானைத் தேட வேண்டும். இதில் இன்னொரு விஷயம்: போனில் எடுக்கும் படம் தானாகக் கிளவுடில் ஏறும்படி வைத்திருந்தால், வீட்டில் அதே கணக்கு ஓடும் மற்ற கருவிகளிலும் அது போய் உட்காரும். இந்த மாதிரிப் படம் எடுப்பதற்கு முன்னால் அதை நிறுத்திவிடுங்கள். அனுப்பி முடித்ததும் குப்பைத் தொட்டி ஃபோல்டரையும் காலி செய்யுங்கள். சேவையின் வழிகாட்டிப் பக்கத்தில் நல்ல வெளிச்சம், மூன்று கோணம் என்றெல்லாம் இருந்தது. இதைப் பற்றி ஒரு வரி இல்லை.

பதில் மறுநாள் வந்தது. ஆஞ்சியோகெரட்டோமாவாக (விரிந்த ரத்தக்குழாய்க்கு மேல் தோல் தடித்து வரும் புள்ளி) இருக்கலாம், ஆபத்தில்லாதது, சந்தேகம் இருந்தால் நேரில் காட்டவும். அதற்குக் கீழே, அந்தரங்கப் பகுதியை வெளுக்க வைக்கும் கிரீம் ஒன்றின் படமும் வாங்கும் பொத்தானும். அதை மருத்துவர் பரிந்துரைத்தாரா, தளம் தானாக ஒட்டியதா என்று பிரித்துப் பார்க்க வழியில்லை. என் கோபம் முழுக்க இந்த இடத்தில்தான். இந்தப் புள்ளிகளின் நிறம் தோலின் நிறமியால் வருவதில்லை. அடியில் விரிந்த ரத்தக்குழாயில் நிற்கும் ரத்தத்தின் நிறம். எந்த வெளுப்பு கிரீமும் ரத்தத்தை வெளுக்காது. அது மட்டுமில்லாமல், இப்படி விற்கிற கிரீம்கள் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். 1967-ல் ஃபெல்ட்மன், மெய்பாக் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டைத் தடவி அளந்து பார்த்தார்கள். முன்கைத் தோல் உறிஞ்சியதைப் போல 42 மடங்கை விதைப்பைத் தோல் உறிஞ்சியது. அந்த இடத்தில் மாதக்கணக்கில் ஸ்டீராய்டு தேய்த்தால் தோல் மெலியும், சிவக்கும், எரியும், படர்தாமரை இருந்தால் அடங்கின மாதிரி நடித்துவிட்டு ஊரைக் கூட்டும். பயந்து போயிருக்கிற ஆளிடம், பதிலோடு பதிலாக அதற்கு ஒரு வாங்கும் பொத்தானை நீட்டுகிறார்கள்.

நேரில் போன கதைக்கு வருகிறேன். வரவேற்பு மேஜையில் ஒரு பெண். எனக்குப் பின்னால் வரிசை.

“என்ன பிரச்சினை சார்?”

“ஸ்கின்.”

“ஸ்கின்ல எங்க சார்? ஃபேஸா, பாடியா?”

“பாடி.”

“பாடில எங்க?”

“டாக்டர்கிட்ட சொல்லிக்கிறேம்மா.”

அந்தப் பெண்ணைக் குறை சொல்ல மாட்டேன், அவர் முன்னால் இருந்த கட்டத்தை நிரப்பினால்தான் அடுத்த பக்கம் திறக்கும். ஒரு துண்டுச் சீட்டில் நோயாளியே எழுதிக் கொடுக்கும்படி வைத்தால் முடிந்துவிடும் விஷயம். தோல் மருத்துவமனைக்கு வருகிறவர்களில் எத்தனை பேர் இப்படி “பாடி” என்று சொல்லி நிற்பார்கள் என்று நிர்வாகம் யோசித்ததே இல்லையா? ஒரு மதிப்பெண் போனது இங்கேதான்.

உள்ளே இருந்தது பெண் டாக்டர், வயதில் என்னைவிடச் சின்னவர். எழுந்து போய்விடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அவரே, “ஆண் டாக்டர்தான் வேணும்னா சாயங்காலம் ஒருத்தர் இருக்கார், பரவாயில்லை, தயங்காம சொல்லுங்க” என்றார். இதை முன்பதிவு செய்யும்போதே கேட்டிருக்க வேண்டும். பரவாயில்லை என்று சொல்லிவிட்டேன், திரும்ப வந்து அந்த வரவேற்பு மேஜையைக் கடக்கும் தெம்பு எனக்கு இல்லை. ஆண் உதவியாளர் ஒருவரைக் கூட இருக்கச் சொன்னார். திரைக்குப் பின்னால் கட்டில், மேலே போர்த்திக்கொள்ள ஒரு துணி. பார்க்க வேண்டிய இடம் மட்டும் விலகியிருந்தது. முழங்கையைப் பார்ப்பது போல்தான் பார்த்தார். முகம் சுளிக்கவும் இல்லை, வலிந்து ஆறுதலாகச் சிரிக்கவும் இல்லை. ஒருமாதிரி சிரிக்காமல் இருந்தது எனக்குப் பெரிய நிம்மதி.

முதலில் வெறும் கண்ணால், நல்ல விளக்கில். அப்புறம் ஒரு சின்னக் கண்ணாடித் தகட்டை எடுத்து ஒவ்வொரு புள்ளியாக அழுத்தினார். சிவப்பாக இருந்தவை பாதி வெளிறின, கண்ணாடியை எடுத்ததும் நிறம் ஊறி வந்தது. கருப்பாக இருந்தவை அசையவில்லை. கடைசியாக டெர்மாஸ்கோப். உள்ளங்கைக்குள் அடங்கும் கருவி, சுற்றி விளக்கு, நடுவில் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ். அதைப் போனில் மாட்டித் தோல் மேல் வைத்து, படத்தை என் பக்கம் திருப்பினார்.

நான் மாதக்கணக்கில் கருப்பு என்று பார்த்துப் பயந்ததில் கருப்பே அதிகம் இல்லை. உருண்டை உருண்டையாக ரத்தச் சிவப்பு, அடர்ந்த ஊதா, ஒன்றையொன்று இடித்துக்கொண்டு. நடுவில் வெள்ளைக் கோடு. மேலே பனி படிந்த மாதிரி ஒரு மெல்லிய வெண்படலம். “இந்த உருண்டை ஒவ்வொண்ணும் விரிஞ்சு போன ரத்தக்குழாய். மேல வெள்ளையா தெரியுறது தோல் கொஞ்சம் தடிச்சிருக்கு, அதான் உங்க கைக்குச் சொரசொரன்னு இருக்கு. இந்த ஒண்ணு மட்டும் கரேல்னு இருக்குல்ல, உள்ள ரத்தம் உறைஞ்சிருக்கு. அதனாலதான் அழுத்தினாலும் வெளுக்கலை” என்றார். மச்சத்திலும் நிறமிக் கட்டியிலும் தெரியும் பழுப்பு வலைப்பின்னல் எதிலும் இல்லை என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். போட்டோ சேவை எழுதிய அதே பெயர்தான். ஆனால் இந்த முறை எதை வைத்துச் சொல்கிறார் என்பதை நானும் பார்த்தேன்.

கூடவே எனக்குச் சம்பந்தமில்லாததாகத் தெரிந்த கேள்விகள். சின்ன வயதிலிருந்தே இருக்கிறதா? தொப்புளிலிருந்து தொடை வரை வேறு எங்காவது கூட்டமாக உண்டா? கை கால் பாதங்களில் நெருப்பு மாதிரி எரிச்சல்? வியர்க்கவே வியர்க்காதா? குடும்பத்தில் யாருக்காவது இள வயதில் சிறுநீரகக் கோளாறு? எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன். ஃபேப்ரி நோய் என்று அரிதான ஒரு பரம்பரை நோய் உண்டாம். கொழுப்பு வகை ஒன்றை உடைக்கும் நொதி குறைவதால் வருவது, 1898-லேயே விவரிக்கப்பட்டது. அதில் இதே புள்ளிகள் சிறு வயதிலேயே கொத்துக் கொத்தாக வரும். அதைத் தள்ளிவைக்கத்தான் அந்தக் கேள்விகள். பிறகு எழுந்து நின்று இருமச் சொன்னார். குடலிறக்கமோ விதைப்பையில் நரம்புச் சுருட்டலோ இருந்தால், சிரை ரத்தத்தின் அழுத்தம் கூடி இந்தப் புள்ளிகள் வரக்கூடும் என்பதால். அதுவும் இல்லை. எனக்கு வந்தது வயதோடு வரும் ரகம். அதை 1896-ல் ஜான் ஆடிசன் ஃபோர்டைஸ் என்ற அமெரிக்கத் தோல் மருத்துவர் எழுதி வைத்தார், இன்றும் அவர் பெயரில்தான் வழங்குகிறது. தொற்றாது. உடலுறவால் வருவதும் இல்லை, துணைக்குப் போவதும் இல்லை. இந்த வாக்கியத்தை மனைவியின் காதிலும் போட ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்கள் டாக்டர் என்றேன். சிரித்துக்கொண்டே எழுதிக் கொடுத்தார்.

“சரி டாக்டர், இது புற்றுநோய் ஆகாதா?” ஆகாது என்று சொல்லி அனுப்பியிருந்தால் இந்த நான்கு மதிப்பெண் கிடைத்திருக்காது. எது வந்தால் தாமதிக்காமல் வர வேண்டும் என்று சொன்னார். தட்டையாகவோ மேடாகவோ ஒரு பழுப்பு அல்லது கருப்புத் திட்டு, ஓரம் கோணல்மாணலாக, ஒரே திட்டுக்குள் பல நிறம், 6 மில்லிமீட்டரைத் தாண்டுவது, எல்லாவற்றுக்கும் மேலாக வாரம் மாதம் என்று மாறிக்கொண்டே போவது. ஆறாத புண். கெட்டியாக வளரும் கட்டி. இதில் ஒன்று வந்தால் பயாப்சி, அதாவது துளித் தோலை எடுத்துப் பரிசோதனை. “இப்ப இருக்கிறதுல எதுக்கும் அது தேவையில்லை. சொறிஞ்சாலோ பிளேடு பட்டாலோ ரத்தம் வரும், கொஞ்சம் அதிகமாவே வரும், பயந்துடாதீங்க. சுத்தமான துணியை வச்சு பத்து நிமிஷம் அழுத்திப் பிடிங்க, நடுவுல எடுத்து எடுத்துப் பார்க்காதீங்க.” அடிக்கடி ரத்தம் வந்தால் லேசரிலோ மின்சூட்டிலோ எடுத்துவிடலாம், எடுத்த பிறகு புதிதாக வேறு இடத்தில் வரலாம் என்றும் சொன்னார். எனக்கு எதுவும் வேண்டாம் என்பது அவர் முடிவு. அதே மருத்துவமனையின் வரவேற்பில், வெளியே வந்ததும் லேசர் பேக்கேஜ் துண்டுப்பிரசுரத்தைக் கையில் திணித்தார்கள், அது தனிக் கதை.

எனக்கு உண்மையில் வேலை செய்தது அடுத்த ஐந்து நிமிடம். நான் தினமும் எண்ணுவதைச் சொன்னேன். சொல்லக் கூச்சமாகத்தான் இருந்தது, புள்ளியைக் காட்டியதைவிட அதிகமாக. அவர் டெர்மாஸ்கோப் படங்களை அளவுகோல் வைத்து எடுத்து என் கோப்பில் சேர்த்தார். “இதுதான் இன்னைக்கு நிலவரம். இனிமே மாசத்துக்கு ஒரு நாள், குளிச்சு முடிச்சு, அதே விளக்குல, ஒரு தடவை பாருங்க. புதுசா மாறுறது ஏதாவது இருக்கான்னு மட்டும் பாருங்க. எண்ணாதீங்க.”

“எண்ணுறதுதாங்க டாக்டர் என் தொழிலே.”

“அதனாலதான் சொல்றேன்.”

நடுவில் பயம் வரும், வந்தால் கண்ணாடியைத் தேடாதீர்கள், குறித்த நாள் வரட்டும் என்று வையுங்கள் என்றார். பார்த்தால் அந்த நேரத்துக்கு அடங்கும், ஆனால் அடுத்த தடவை இன்னும் சீக்கிரம் பார்க்கச் சொல்லும் என்றார். என் அனுபவமும் அதேதான். பார்க்கப் பார்க்கத்தான் புள்ளிகள் பெருகின. பார்க்கிற சாக்கில் தேய்த்துத் தேய்த்துச் சுற்றுத்தோல் சிவந்தது, அந்தச் சிவப்பைப் பார்த்து இன்னொரு பயம்.

வீட்டுக்கு வந்த பிறகு எல்லாம் சுபம் என்று பொய் சொல்ல மாட்டேன். கொஞ்ச நாளிலேயே, டாக்டர் ஒன்றைப் பார்க்காமல் விட்டிருப்பாரோ என்று ஆரம்பித்தது. அப்போது கோப்பில் இருந்த படத்தைத் திறந்து பார்த்தேன். கண்ணாடியில் தெரிவது நேரத்துக்கு நேரம் சுருங்கும், தளரும். படம் அசையாது. டார்ச்சை மனைவி எங்கேயோ வைத்துவிட்டாள், கேட்கவும் கூச்சமாக இருக்கிறது, கேட்காமலே ஓடிக்கொண்டிருக்கிறது. இப்போதும் சில நாட்களில் கை பரபரக்கும். ஆனால் சட்டை பட்டனைப் போட்டுக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட முடிகிறது.

பெண்களுக்கும் இதே புள்ளிகள் வரும், பெண்ணுறுப்பின் வெளியுதட்டில், கர்ப்பகாலத்தில் அதிகமாகக் கண்ணில் படும். மேடில்லாத பழுப்புத் திட்டுகளும் இரு பாலாருக்கும் வரும். மெலனோசிஸ் என்பார்கள், ஆபத்தில்லை, ஆனால் வெறும் கண்ணுக்குக் கெட்டதைப் போலவே தெரியும் என்பதால் சில சமயம் பயாப்சி எடுத்து உறுதி செய்வார்கள். ஒரே மாத்திரை சாப்பிடும்போதெல்லாம் அதே இடத்தில் சிவந்து, பிறகு கருத்துப்போவது வேறு ரகம், அது மருந்து ஒவ்வாமை. தொடை இடுக்கு முழுக்க வெல்வெட் மாதிரித் தடித்துக் கருப்பது இன்னொரு ரகம், அதற்குச் சர்க்கரை பார்க்கச் சொல்வார்கள். இவற்றில் உங்களுடையது எது என்று என்னைக் கேட்டுப் பயனில்லை. லென்ஸ் வைத்துப் பார்ப்பவரைக் கேளுங்கள்.

முன்பதிவு செய்யும்போது டெர்மாஸ்கோப் இருக்கிறதா, ஆண் டாக்டரா பெண் டாக்டரா என்று இரண்டையும் போனிலேயே கேட்டுவிடுங்கள். போகும் முன் ஷேவ் செய்ய வேண்டாம், கீறல் விழுந்தால் டாக்டருக்குத்தான் குழப்பம், வேண்டுமானால் கத்தரியால் லேசாக வெட்டிக்கொள்ளலாம். பவுடர், கிரீம் எதுவும் பூசாதீர்கள். இதுவரை பூசியது ஏதாவது இருந்தால், பெயர் தெரியாவிட்டாலும் அந்த ட்யூபை எடுத்துப் போங்கள். வரவேற்பில் எங்கே என்று கேட்டால் “பாடி” என்று சொல்லிவிட்டு உட்காருங்கள்.